ஏழு நிமிஷ இருட்டு

இல்ல சார், கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல. கேமரா மேலயும் இல்ல. மூணாவதா ஒருத்தர் மிச்சம் இருக்காரு, அவர் யாருன்னு நான் சொல்ல மாட்டேன். மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் மூணுதான், நாலாவது சும்மா பேருக்கு ஒட்டிட்டு இருக்கு. இப்படி மேசைப் பக்கமா வாங்க. நல்லா கைய ஊனிக்கோங்க, ஆடாது. எங்கப்பா செஞ்ச இரும்பு மேசை. இந்தக் கடையில ஆடாத ஒரே பொருள் அதுதான். அந்த ஓரத்துல இருக்கிற கேமராவ மட்டும் நகத்தாதீங்க. மூடி போட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்.

கடைக்கார அண்ணன் இல்ல, வெளிய போயிருக்காரு. அவர் எதுக்கு? போன்ல பேசினது மட்டுமில்ல, உங்க டேப்பக் கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் நான்தான். நானேதான் சார். ஏன் அப்படிப் பாக்குறீங்க? மீசை வச்சவங்கதான் டேப் ஏத்தணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?

மாஸ்க்கா? பூஞ்சை சார். பத்து வருஷம் பீரோவுக்குள்ள கெடந்த டேப்பத் தொறந்தா வெள்ளையாப் பொடி பறக்கும். காலைலேர்ந்து யாரோ ஒரு ஜோடியோட கல்யாணப் பூஞ்சையத் தொடச்சிட்டிருக்கேன். அவங்க பிரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சாம். ஆளுக்கொரு காப்பி வேணுமாம். எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா அண்ணன் திட்டுவாரு.

சரி, உங்க லேப்டாப்புக்கு வருவோம். நேத்து தொறந்து பாத்தேன். எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்னு இல்ல, நாலு இருக்கு. ஒன்னு வேலை செய்யலன்னதும் இன்னொன்னு, அதுவும் செய்யலன்னதும் இன்னொன்னு. இப்ப கேமரா வந்து கதவத் தட்டினா நாலு பேரும் நீ போய்த் தொறன்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு உள்ளயே உக்காந்திருக்காங்க. அதான் உங்களுக்கு டிவைஸ் இல்ல, டிவைஸ் இல்லன்னு வந்துச்சு. நீங்க கேமரா போச்சுன்னு நெனச்சீங்க. அப்புறம் வயரு. நீங்க சொருகினது யூ.எஸ்.பி. வயரு. அதுல வந்தா படம் ஸ்டாம்ப் சைஸுக்குத்தான் வரும். டேப்புல இருக்கிறது முழுசா வரணும்னா இதோ, இந்தக் குட்டி ஓட்டை, ஃபயர்வயர்னு சொல்லுவாங்க, இது வழியாத்தான் வரணும். உங்க லேப்டாப்புல அந்த ஓட்டையே கெடையாது. அதுக்காகவே அண்ணன் இந்தக் கெழட்டுக் கம்ப்யூட்டர வச்சிருக்காரு. எழுப்பி விடவே கால் மணி நேரம் ஆகும், ஆனா எழுந்துட்டா வேலை செய்யும். எங்க சித்தப்பா மாதிரி.

இருங்க, முக்கியமானத விட்டுட்டேன். ஒரு ஃபைல் இருந்துச்சு, ஃபைனல் ஃபைனல் ரெண்டுன்னு பேர் வச்சிருந்தீங்க. நாப்பது நிமிஷம். பரவால்லயே, மனுஷன் எப்படியோ எடுத்துட்டாரேன்னு தொறந்தேன். தொறந்தா, உங்க வீட்டு ஃபேன்!

சிரிக்கல சார். இருமல். பூஞ்சை.

நாப்பது நிமிஷமும் ஃபேன்தான் சார். கேமராவ ப்ளே மோடுல வைக்காம, எடுக்கிற மோடுல மல்லாக்கப் படுக்க வச்சிருக்கீங்க. அது பாவம், டேப்ப ஓட்டாம, எதிர்ல என்ன தெரியுதோ அதப் பாத்து அனுப்பிட்டே இருந்திருக்கு. இருபதாவது நிமிஷத்துல உங்க மிஸஸ் வந்து இன்னுமா முடியலங்கிறாங்க. நீங்க, வந்துட்டிருக்கு வந்துட்டிருக்குங்கிறீங்க. கைதவறி அந்த ரெக்கார்டு பண்ற செவப்புப் பட்டன அமுக்கியிருந்தீங்கன்னா தெரியுமா, டேப் மேலயே ஃபேன் ஏறியிருக்கும். நாளைக்கு உங்க ஸ்கூல் வெள்ளி விழாவுல தாளாளர் பேச்சுக்குப் பதிலா எல்லாரும் ஃபேன் பாத்திருப்பாங்க. காத்தாவது வந்திருக்கும்.

பிசிக்ஸ் சாரா நீங்க? அட. அப்ப ஃபேன் நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு கணக்குப் போட்டிருப்பீங்க.

தெரியும் சார், தெரியும். தாளாளர் சாகுறதுக்கு முன்னாடி கடைசியாப் பேசின பேச்சு இந்த ஒரு டேப்புலதான் இருக்கு. அதக் காப்பாத்தினது நீங்கன்னு நாளைக்கு மேடையில சொல்லப் போறாங்க. அடுத்த ஹெச்.எம். நீங்கதான்னும் சொல்வாங்களாம். போன்ல ரெண்டு தடவை சொன்னீங்க. மூணாவது தடவை சொன்னா டேப் வேகமா ஓடும்னு நெனச்சீங்களோ என்னமோ. ஓடாது சார். ஒரு மணி நேர டேப்புன்னா ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆகணும். ஹெச்.எம்.முக்கும் அதேதான், எனக்கும் அதேதான்.

நானா? நான் எங்கயும் படிக்கல. பத்தாவது பாதியில நின்னுட்டேன்.

ஐயோ சார், ஆரம்பிச்சுடாதீங்க. படிக்காட்டி இப்படித்தான் வயரோட மல்லுக்கட்டணும்னு சொல்ல வர்றீங்க. மூணு நாளா மல்லுக்கட்டினது யாரு? நான் சொருகினேன், வந்துடுச்சு.

ஃபெயிலாகி நிக்கல. நிறுத்திட்டாங்க. செய்யாத ஒன்னச் செஞ்சேன்னு லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. எழுதிக் கொடுத்தா உள்ள வா, இல்லாட்டி வீட்ல இரு. எங்கப்பா, எழுதித் தொலையேன், ஒரு வரியில என்ன கொறஞ்சு போயிடப் போறன்னாரு. எங்கம்மா, எழுதினா வீட்டுக்கு வராதன்னுச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மூணு வாரம் ஸ்கூல் கேட்டுக்கு வெளிய பையோட நின்னேன். வாட்ச்மேன் தாத்தாவுக்கே சலிச்சுப் போயி எனக்கு ஸ்டூல் போட்டாரு. எழுதல. அவ்வளவுதான்.

இப்ப தனியாப் பரீட்சை எழுதலாம்னு எவ்வளவோ பாக்குறேன் சார். ஒன்னும் நடக்கல. பழைய ஸ்கூல் சர்டிஃபிகேட்டக் கேக்குறாங்க. அதுல நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அந்தக் கட்டத்துல ஒரு வரி எழுதி விட்டிருக்காங்க. பேப்பர வாங்குறாங்க, நல்லாத்தான் படிச்சிட்டு வர்றாங்க, அந்த வரி வந்ததும் மொகம் ஒரு மாதிரி ஆயிடுது. பேப்பரத் திருப்பி நீட்டுறாங்க. மூணு எடத்துல ஆச்சு. அந்த ஒரு வரி போச்சுன்னாப் போதும். நான் பரீட்சை எழுதிடுவேன். நல்லா எழுதுவேனான்னு கேக்காதீங்க. எழுதுவேன்.

எந்த ஸ்கூலா? இங்கதான் ஒன்னு. விடுங்க சார், உங்க டேப்ப விட்டுட்டு என் கதை எதுக்கு?

டேப்புல பிரச்சினை என்னன்னா, பதினெட்டாவது நிமிஷத்துல நிக்குது. ஒவ்வொரு தடவையும் கரெக்டா அங்கயே. நீங்க கேமராவுக்குள்ள டேப்பப் படிக்கிற தலையத் துடைக்கிற கேசட்டெல்லாம் வாங்கிப் போட்டுப் பாத்தேன்னு சொன்னீங்கல்ல, அழுக்கு இல்ல சார் அது. டேப்புல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும். டைம்கோடுன்னு பேரு. சாஃப்ட்வேர் அந்த நம்பரோட கையப் புடிச்சுட்டுத்தான் நடக்கும். பதினெட்டு, பத்தொம்பதுன்னு வந்தா நடக்கும். திடீர்னு சைபர்னு வந்துச்சுன்னா, நடுரோட்டுல கைய விட்ட கொழந்தை மாதிரி அப்படியே நின்னுடும். உங்க டேப்புல பதினெட்டாவது நிமிஷத்துல சைபர் வருது. அப்புறம் ஏழு நிமிஷம் கழிச்சு மறுபடி பழைய நம்பர்.

ஏன் வருதுன்னா, யாரோ ஒருத்தர் டேப்ப வெளிய எடுத்து, மறுபடி உள்ள போட்டு, சுத்தி அந்த எடத்துக்கு வந்து, ஏற்கெனவே எடுத்தது மேலயே புதுசா எடுத்திருக்காங்க. ஒட்டுப் போட்ட மாதிரி. ஒட்டுத் துணி வேற கலர்ல இருந்தா தெரியும்ல, அந்த மாதிரி.

யாருன்னு எனக்கெப்படி சார் தெரியும்? நீங்கதானே கேமரா இன்சார்ஜ்?

சரி, அதுக்கு வழி இருக்கு. சாஃப்ட்வேர்கிட்ட, நீ கேமராவக் கட்டி மேய்க்காத, நம்பரப் பாக்காத, நான் கையால ஓட்டுறேன், வர்றத அப்படியே முழுங்குன்னு சொல்லிடணும். செட்டிங்ஸ்ல ஒரே ஒரு டிக்க எடுத்து விட்டாப் போதும். டேப்ப முழுசா ஆரம்பத்துலேர்ந்து ஓட விட்டேன். ஒத்திகை வருது, பசங்க ஆடுறாங்க, ஒருத்தி தப்பான பக்கம் திரும்புறா, பதினெட்டு வந்துச்சு, நிக்கல. அப்படியே போச்சு. தாளாளர் பேச்சு முப்பத்தொன்னாவது நிமிஷத்துல. ஒரு வெட்டு இல்ல, ஒரு கோடு இல்ல, சுத்தமா வந்திருக்கு. இதோ இந்த பென்டிரைவ்ல இருக்கு. எடுத்துக்கோங்க. மொதல்ல பைல வைங்க. இது கைக்கு வந்துடுச்சுல்ல? நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, இத நான் எதுவும் கேக்காம கொடுத்தேன்.

இன்னும் என்னவா? அந்த ஏழு நிமிஷம் சார்.

ஆமா, கறுப்புதான். ஒன்னுமே தெரியாது. வெட்டிப் போட்டுடவா? போன்லயும் அதத்தான் சொன்னீங்க, நடுவுல கொஞ்சம் கறுப்பா வரும், அத டெலிட் பண்ணிடும்மான்னு. இத்தனைக்கும் எங்க நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியல, வயரு தெரியல, மோடு தெரியல. கறுப்பு வரும்னு மட்டும் தெரிஞ்சிருக்கு.

போன மாசம் ஒரு பல் டாக்டர் வந்தாரு. சுற்றுலா போன டேப். கடல், கப்பல், அவரு, அவர் மிஸஸ். திடீர்னு இருட்டு. என்னன்னா நிறுத்துற பட்டன அமுக்குறதா நெனச்சுட்டு அப்படியே பைக்குள்ள போட்டிருக்காரு. முக்கால் மணி நேரம் பைக்குள்ள இருட்டு. ஆனா அந்தம்மா அவங்க மாமியாரப் பத்திப் பேசினது இருக்கே, ஒரு எழுத்து விடாமக் கேக்குது. நான் அந்த டாக்டர்கிட்ட சொன்னேன், சார், இத உங்கம்மா முன்னாடி போட்டுடாதீங்கன்னு. மனுஷன் எனக்கு ஒரு டூத்பிரஷ் கொடுத்துட்டுப் போனாரு.

ஏன் சார், வேர்க்குது? ஃபேன் போடவா? உங்க வீட்டு ஃபேன் அளவுக்கு இருக்காது.

நீங்க பிசிக்ஸ் சார். உங்களுக்கு நான் சொல்லணுமா? லென்சுக்கு மூடி போட்டா வெளிச்சம்தான் உள்ள போகாது. மைக்கு எங்க இருக்கு? இதோ, மேல, இந்தச் சல்லடை மாதிரி இருக்கு பாருங்க. இதுக்கு மூடியே கெடையாது. செஞ்சவனுக்கு அது தேவைன்னு தோணல.

ஹெட்போன் போட்டுத்தான் சார் ஏத்துவேன். சத்தமும் படமும் தள்ளிப் போகுதான்னு பாக்கணும்ல. படம் கறுப்பாயிடுச்சு, ஆனா சத்தத்துக்கு ஒரு மீட்டர் இருக்கு, பச்சையா ஏறி எறங்கும். அது ஏறி எறங்கிட்டே இருந்துச்சு. டீ கிளாஸ் சத்தம். ஃபேன் சத்தம். உங்களுக்கு ஃபேன் இல்லாம எதுவும் எடுக்க வராது போல. ஒருத்தர் கேக்குறாரு, என்ன சார், மூடியப் போட்டுட்டு ஷூட்டிங் நடத்துறீங்கன்னு. பி.டி. மாஸ்டர் குரல். அதுக்கு இன்னொருத்தர், ஓடட்டும் மாஸ்டர், ஏழு நிமிஷம் ஓடினா அந்த எடம் போயிடும்ங்கிறாரு. போன் பேசிட்டே ஸ்டாண்டு கால்ல எடறிட்டேன், கேமராவோட சேந்து நானும் விழுந்தேன், என் மூஞ்சி பூரா அதுல விழுந்திருக்குங்கிறாரு. என் மூஞ்சின்னு சொல்றாரு சார். யார் மூஞ்சியா இருக்கும்?

அப்புறம் ஒரு டீச்சர். ட்ராயிங் மிஸ். சார், அந்தப் பொண்ணு அப்ப அங்க இல்லவே இல்ல, நான்தான் நாற்காலி எடுத்துட்டு வரச்சொல்லி அனுப்பியிருந்தேன்ங்கிறாங்க. ரெண்டு தடவை சொல்றாங்க. ரெண்டாவது தடவை குரல் கொஞ்சம் நடுங்குது. அதுக்கு இவரு, டீச்சர், நீங்க உங்க வேலையப் பாருங்க, அது கடைசி பெஞ்சு, எப்படியும் படிக்கப் போறதில்ல, வாய் வேற காது வரைக்கும் இருக்குங்கிறாரு. ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது, தாளாளர்கிட்ட நான் காட்டணும்லங்கிறாரு.

ட்ராயிங் மிஸ் சொன்னது எனக்குத் தெரியாது சார். யாருமே வாயத் தொறக்கலன்னுதான் ரெண்டரை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அந்த எடத்த மட்டும் நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

அந்த ஏழுல அஞ்சாவது நிமிஷத்துல சிரிப்பு வருது. அன்னிக்குக் காலைல ஒரு ஆள வரச்சொல்லி இருந்தீங்கல்ல, அந்தப் பொண்ணோட அப்பா. கேமராவோட சின்னத் திரை கீல் ஒடஞ்சு தொங்கிட்டிருந்ததப் பாத்துட்டு அவரு, சார், நான் வேணா வெல்டிங் வச்சுத் தரேன்னு சொன்னாராம். கேமராவுக்கு வெல்டிங்! பி.டி. மாஸ்டர் சிரிக்கிறாரு, நீங்க சிரிக்கிறீங்க, மறுபடி ஒரு தடவை அவர மாதிரியே பேசிக் காட்டி சிரிக்கிறீங்க. நல்லா வந்திருக்கு சார், நீங்க நடிக்கவே போயிருக்கலாம். மீட்டர் பச்சையத் தாண்டி செவப்புக்குப் போச்சு. அந்த டேப்புலயே செவப்புக்குப் போன எடம் அது ஒன்னுதான். தாளாளருக்குக் கை தட்டினதுகூட மஞ்சளோட நின்னுடுச்சு.

கேமராவுக்கு வெல்டிங் வைக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும் சார். வெல்டருக்குத் தெரியாதா எது உருகும், எது ஒட்டும்னு? பொண்ணுக்காக எதையாவது செஞ்சு தரேன்னு சொல்லணும்னு இருந்திருக்கும். அவருக்குச் செய்யத் தெரிஞ்சது அது ஒன்னுதான்.

கைய எடுக்காதீங்க. ஊனிட்டே இருங்க. அவரு செஞ்ச மேசைதான் அது, ஆடாது.

இப்பவாவது தெரியுதா? மாஸ்க்கக் கழட்டணுமா? அப்ப ரெட்டை ஜடை, இப்ப முடி வெட்டிட்டேன், சரி. மொகம்தானே சார் மூடியிருக்கு? வந்ததுலேர்ந்து அர மணி நேரமா இந்தக் காது வரைக்கும் இருக்கிற வாயாலதானே பேசிட்டிருக்கேன்?

கத்தாதீங்க. கீழ ஜெராக்ஸ் கடையில ஆள் இருக்காங்க.

அழிக்கணுமா? நீங்கதான் ஒரு தடவை அழிச்சீங்களே சார், அழிஞ்சுதா?

எனக்கு அத யாருக்கும் போட்டுக் காட்டணும்னு ஆசை இல்ல. எங்கப்பா கேக்கவே கூடாது. யாராவது எதையாவது ஒடச்சா, செஞ்சு தரேன்னு சொல்ற மனுஷன் அவரு, இதக் கேட்டா அத நிறுத்திடுவாரு. எனக்கு வேணுங்கிறது ஒன்னே ஒன்னுதான். ஒரு லெட்டர். அந்தக் கட்டத்துல இருக்கிற வரி தப்புன்னு, யார் மேல தப்புன்னு. நாளைக்குத்தான் ஹெச்.எம். ஆகப் போறீங்களே, நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டு நீங்களே சீல் வைக்கலாம். வேற யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. எங்கப்பாவுக்கு அந்த வசதி இல்ல.

எழுதலன்னா என்ன பண்ணுவேனா? நெசமாத் தெரியல சார். பொய் சொல்ல எனக்கு வராது, அதான் பத்தாவதே முடிக்கல. நாளைக்கு உங்க விழாவுக்கு ப்ரொஜெக்டர் எங்க கடையிலேர்ந்துதான் வருது, வயர் சொருகப் போறது நான்தான். அது மட்டும் தெரியும்.

பேப்பர் இந்தாங்க. கோடு போட்டது, நேரா எழுத வரும். பேனா அந்த டப்பாவுல. செவப்ப எடுக்காதீங்க, அது டேப்புல நம்பர் போடுறது. வாசகம் உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மனப்பாடம், சொல்றேன். கேமரா என்னுடைய கவனக்குறைவால் கீழே விழுந்து உடைந்தது. வேறு யாருக்கும் இதில் பொறுப்பு இல்லை. நீங்க சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டியதா இருந்த லெட்டர்தான் சார், ஒரு வார்த்தை மாத்தல. ஆள் மட்டும்தான் மாறுது. ம். கவனக்குறைவால். ஆமா, அந்த எடத்துல ஒற்றெழுத்து வரும், க் போடணும். நிதானமா எழுதுங்க.

எதுக்கு சும்மா சும்மா அந்தக் கேமராவையே பாக்குறீங்க? செவப்பு லைட்டா? ஆமா, எரியுது. நீங்க படியேறி வந்ததுலேர்ந்து எரியுது.

பயப்படாதீங்க சார். மூடி போட்டுத்தான் வச்சிருக்கேன்.